மோட்டார் ரூமில் வெந்த பன்றிக்கறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது பன்றிக்கறியின் நாற்றம் இல்லை. தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த எங்கள் மோட்டார் ரூமிலிருந்து அந்த நாற்றம் வந்துகொண்டிருந்த காலம் முழுக்க, நானும் என் மாமியாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் திட்டித் தீர்த்தோமே தவிர, என்ன நாற்றம் என்று ஒருநாளும் நிதானமாக முகர்ந்து பார்க்கவில்லை. அந்த ரூமுக்குள் கையில் லைட்டரோடு போய் வந்துகொண்டிருந்தவர் என் கணவர்.

அவர் சிங்கப்பூரில் சமையல்காரராக இருந்தார். எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரில் இருப்பார்கள். பெரும்பாலும் கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை. இவர் ஒரு சீனக்காரரின் ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போய், காய் நறுக்கி, கடைசியில் அடுப்படிக்கே வந்துவிட்டவர். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். போன கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். "வேலை போதும்னு வந்துட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டால், "ஏன், நான் வந்தது ஒனக்குப் புடிக்கலையா?" என்று திருப்பிக் கேட்பார். நான் கணக்கு டீச்சர். வகுப்பில் அறுபது வாயை ஒரே பார்வையில் அடைப்பவள். என் வாயை அடைத்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் அந்த ஒரு கேள்வியால்தான்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை பிடித்து ஹோட்டல் வைக்கப்போவதாகச் சொன்னார். புரோட்டாவும் பிரியாணியும் போட ஆயிரம் கடை இருக்கிறது, நம் கடைக்கென்று ஒரு பண்டம் வேண்டும் என்றார். அந்தப் பண்டம், சட்டியில் முறுகப் பொரித்து, கருப்பட்டியும் சோயா சாஸும் சேர்த்துச் சுண்டவைத்த பன்றிக்கறி.

நான் சிரித்துவிட்டேன். "நம்ம ஊர்ல பன்னிக்கறிக் கடையா? நல்லாருக்கும். கல்லாவுல நீங்க, எதுத்தாப்புல ஈ."

"சிங்கப்பூர்ல இதை மூக்கு முட்டத் தின்னுட்டு, ஊருக்கு வந்ததும் வாயைத் தொடச்சுக்கிட்டு நல்ல புள்ளையா இருக்கவன்தான் இங்க பாதிப் பேரு. கடையைத் தொறந்து பாரு, எவன் எவன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வாரான்னு" என்றார்.

அது என்னவோ உண்மைதான். சிக்கல் ஊரில் இல்லை, வீட்டில் இருந்தது. எங்களுடையது பெட்டி வீடு. குலசாமியின் பட்டு, சதங்கை, மணி, விபூதி மடல் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். மாசி மாதம் பங்காளிகள் எல்லோரும் கூடி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அது எங்கள் வீட்டு நடு அறையில் இருக்கும். பெட்டி இருக்கும் வீட்டில் ஆட்டுக்கறி ஆகும், கோழி ஆகும், மீன் ஆகும். பன்றிக்கறி மட்டும் ஆகாது. வாசல்படி தாண்டக் கூடாது என்பது மட்டுமல்ல, வாடைகூட வரக் கூடாது. பெட்டி எங்கள் வீட்டில் இருப்பது என் மாமியாருக்குப் பெருமை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். மாமனார் போன பிறகு அந்தப் பெட்டிதான் அவருக்கு மரியாதை, பேச்சுத்துணை, எல்லாம். அவரை நான் அத்தை என்பேன். மகனுக்கு அவர் ஆத்தா.

மகன் பேச்சை எடுத்ததும் அத்தை கத்தவில்லை, அழவில்லை. பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள வேணாம்ப்பா. தோப்புல மோட்டார் ரூம் கெடக்குல்ல, அங்கிட்டு வச்சு என்னமோ பண்ணிக்க" என்றார். மகன் திரும்பி ஊரோடு வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் கொடுத்த அனுமதி அது. அந்த அனுமதிதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

மோட்டார் ரூம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டி சுவரில், மேலே சிமெண்ட் ஷீட், ஒரு தகரக் கதவு, ஒரு சின்ன ஜன்னல். வெளிச்சுவரில் ஒரு சிவப்பு பல்பு. த்ரீ பேஸ் கரண்ட் எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. வந்தால் அந்தச் சிவப்பு பல்பு எரியும். வீட்டு வாசலில் நின்றே தெரிந்துகொள்ளலாம். அதுகூடப் பார்க்கச் சோம்பல்பட்டு அவர் ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருந்தார். கரண்ட் வந்தால் பல்பு எரியும், கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட்டர் "டக்"கென்று தானாக அடித்து மோட்டார் ஓடும். அந்த "டக்"கில் உள்ளே நீலமாக ஒரு பொறி தெறிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது வெறும் பொறி.

அந்த ரூமுக்குள் ஒற்றை அடுப்பையும் வீட்டில் உபரியாகக் கிடந்த சிலிண்டரையும் பழைய டியூப் ஒன்றையும் கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் ஒரு வெண்பன்றிப் பண்ணை இருந்தது. தோலோடு, கறியும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கிய வயிற்றுப் பகுதியை அங்கிருந்து வாங்கி வருவார். நான் கொஞ்சம் தள்ளி ஒரு தென்னை மரத்தடியில், முந்தானையை மூக்கில் இறுக்கிக்கொண்டு நிற்பேன். நிற்கச் சொன்னது அவர்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் கை ஓடுமாம்.

விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுப்பார். உப்பும் மிளகும் தடவி ஆறவிடுவார். ஈரம் இருந்தால் கறி வேகும், முறுகாது என்பார். அடி கனத்த தட்டை இரும்புச் சட்டி புகையக் காய்ந்ததும், ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை வரிசையாக வைப்பார். கறி தன் கொழுப்பிலேயே பொரியத் தொடங்கும். அதுவாகச் சட்டியை விட்டுக் கிளம்பும்வரை தொடக் கூடாது. தோசை மாதிரிதான், அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் செம்பழுப்பாக ஆனதும் எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் பூண்டும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் வதக்கி, சோயா சாஸ், கருப்பட்டிப் பாகு, ஒரு கை புளித்தண்ணீர் ஊற்றுவார். சட்டியடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டிக் கரைத்து, குமிழி சின்னதாகிக் கெட்டிப்படும் நேரத்தில் கறியை மறுபடி உள்ளே தள்ளிப் புரட்டுவார். வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. சமைக்கிறவர்கள் சட்டி மேல் முகத்தைக் கொண்டுபோவார்கள். இவர் காதைக் கொண்டுபோவார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பொரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். சீனக்காரர் சொல்லிக்கொடுத்த வித்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாழை இலைத்துண்டில் வைத்து முதல் துண்டை என்னிடம்தான் நீட்டுவார். பெட்டி வீட்டு மருமகள் நான். அத்தைக்குத் தெரியாமல் தோப்பில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மருந்து விழுங்குவதுபோல் விழுங்குவேன். இனிப்பு முதலில் வரும், உப்பு பின்னால் வரும், கொழுப்பு நாக்கில் கரையும். மூச்சு விடாமல் தின்பவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். வாயை அல்ல, முகத்தை. பரீட்சைத் தாளைத் திருத்தும்போது பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைகளின் பார்வை அது. "நல்லாருக்கு, நல்லாருக்கு. இதுக்கு ஒரு மெடல் வேற குத்தணுமா?" என்று எரிந்து விழுவேன்.

ஆனால் பண்டம் வாரத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு வாரம் பாயசம் மாதிரி இனிக்கும். அடுத்த வாரம் உப்பு நாக்கை அறுக்கும். ஒருநாள் கருப்பட்டி கருகிக் கரும்புகை கதவு வழியே வெளியே வந்தது. இருமல் எனக்கு வந்தது, தென்னை மரத்தடியில். அடுப்பின் முன்னால் நின்றவர் அப்போதும் காதைச் சாய்த்துக்கொண்டுதான் இருந்தார். "கருகுதுங்க! என்ன நெனப்புல நிக்கிறீங்க?" என்று கத்தினேன். திடுக்கிட்டுச் சட்டியைப் பார்த்தார். சட்டியின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அதே வாரம்தான் பலாப்பழம் பழுத்தது. எங்கள் பக்கத்துப் பலா பழுத்தால் வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டுமல்ல, ரோட்டில் சைக்கிளில் போகிறவருக்கும் தெரியும். வீடு முழுக்க மணம் நிறைந்து, தலைவலிக்கிற அளவுக்கு இருந்தது. அவர் பழத்தின் முன்னால் உட்கார்ந்து, முள்ளை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பழுக்கலையோ?" என்றார்.

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். "சிங்கப்பூர்ல பொருளை விட்டுட்டு வாரவங்களைப் பாத்துருக்கேன். நீங்க மூக்கையே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

அவரும் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நிற்க, கண் மட்டும் என்னை விட்டு விலகிப் போனது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பழத்தை வெட்டக் கத்தி எடுக்கப் போய்விட்டேன்.

நாற்றம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் தோப்புப் பக்கம் காற்றடித்தால் மட்டும் லேசாக வந்தது. அழுகிய முட்டைக்கோஸும் பூண்டும் கலந்த மாதிரி. அதோடு பொரித்த கொழுப்பின் வாடை, மோட்டார் ஆயில் வாடை. "பன்னிக்கறி இப்படியா நாறும்? இதையா காசு குடுத்துத் திங்கிறாங்க?" என்று அத்தை முகத்தைச் சுளிப்பார். எங்கள் இருவருக்கும் அந்தக் கறியின் வாடை முன்பின் தெரியாது. எங்களுக்குக் கேஸ் நாற்றம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வீட்டு அடுப்பில் வந்தால் அந்த நொடியே தெரியும். தோப்பு நடுவில், பன்றிக்கறி வேகும் ரூமிலிருந்து வந்தால் அது பன்றிக்கறிதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று அருவருப்பு முடிவு கட்டிவிட்டது.

தெறித்த கொழுப்பை நக்க வந்த எலி டியூப்பைக் கடித்திருக்கிறது. இது பின்னால் தெரிந்தது. அவர் அடுப்பின் திருகை மூடுவாரே தவிர, சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் இல்லை. "இந்த சிலிண்டர் என்ன அதுக்குள்ள காலியாயிருச்சு?" என்று ஒருநாள் வியந்தார். "ஊரு கறியையெல்லாம் நீங்களே பொரிச்சா?" என்று நான் பதில் சொன்னேன். அவர் புது சிலிண்டரை மாட்டினார். அதே டியூப்பில்.

எங்கள் நாய்க்கு அந்த ரூமின் நிழல்தான் படுக்கை. பன்றிக்கறி வந்த புதிதில் எலும்புக்காக அங்கேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அது இடத்தை மாற்றிக்கொண்டது. எலும்பைப் போட்டுக் கூப்பிட்டாலும் வராது. தூரத்தில் நின்று மூடிய கதவைப் பார்த்துக் குரைக்கும். யாரும் இல்லாத கதவைப் பார்த்து நாய் குரைப்பதை அத்தை நல்லதுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு ஆகல. அதுதான் காட்டுது" என்றார். விளக்கேற்றும்போது பெட்டியின் முன்னால் அதிக நேரம் நின்றார். எனக்கும் உள்ளுக்குள் ஏதோ பயம் பிடித்துக்கொண்டது. சாமி பயம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பயம் சரிதான், பெயர்தான் தப்பு.

அதற்குப் பிறகுதான் அத்தை அந்தக் காரியத்தைச் செய்தார். வாடை பெட்டிக்கு வரக் கூடாது என்று, பழைய சாக்குகளை எடுத்துப்போய் மோட்டார் ரூமின் ஜன்னலில் திணித்தார். கதவடியில் இருந்த இடைவெளியையும் ஈரச்சாக்கால் அடைத்தார். மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே, ஒற்றைக் கையால். கதவை எப்போதும் மூடியே வைக்கச் சொல்லி மகனிடம் சத்தியம் வாங்கினார். அவரும் தாய் சொல்லைத் தட்டவில்லை.

கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன்னால், கறியின் ருசி அறிந்த ஒருவர் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். என் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை, எனக்கும்தான் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் இங்கிலீஷ் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர்கள் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர்கள் வீட்டில் பன்றிக்கறி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்து, ஸ்கூட்டியில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

காலையிலேயே அவர் கறியை நறுக்கி உப்பு தடவி மோட்டார் ரூமில் வைத்துக் கதவை மூடிவிட்டு வந்திருந்தார். அத்தை சாக்கு அடைத்த அன்றைக்குப் போன த்ரீ பேஸ் கரண்ட் இன்னும் வரவில்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். டீச்சருக்கு மோர் கொடுத்தோம். அத்தை அவர்களிடம் நலம் விசாரித்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். என் கணவர் கையில் தட்டும் லைட்டருமாக முன்னால் போக, நானும் டீச்சரும் கொஞ்சம் பின்னால் தோப்புக்குள் நடந்தோம்.

பழக்கப்படி நான் முந்தானையை மூக்கில் வைத்தேன். "மன்னிச்சுக்கங்க டீச்சர், இந்தப் பன்னிக்கறி வாடை எங்களுக்கு இன்னும் பழகல" என்றேன்.

டீச்சர் நின்றுவிட்டார்கள். தலையைத் தூக்கி மூச்சை இழுத்தார்கள். "பன்னிக்கறி வாடையா? யாரு சொன்னா? பன்னிக்கறி இப்படி வாடை அடிக்காதே" என்றார்கள். இன்னொரு முறை இழுத்தார்கள். முகம் வெளுத்துப்போனது. "டீச்சர், இது கேஸு. சார்! சார்! கதவைத் தொறக்காதீங்க! லைட்டரைக் கீழ போடுங்க!"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தானையை விலக்கி முகர்ந்தேன். எங்கள் வீட்டு அடுப்படியில் எத்தனையோ முறை ஓடிப்போய்த் திருகை மூடவைத்த அதே நாற்றம். எப்படித் தெரியாமல் போனது?

அவர் கதவின் நாதாங்கியில் கை வைத்தபடி திரும்பினார். அந்தக் கதவை ஒட்டி, எங்களைவிட எவ்வளவோ பக்கத்தில் நின்றார். மூக்கைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கி இழுத்தார். குழந்தை புதிதாகப் படித்த சொல்லைச் சொல்ல முயல்வதுபோல் முயன்றார். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார்.

பலாப்பழம் என் கண்முன் வந்தது. கருகிய கருப்பட்டி வந்தது. என் முகத்தையே பார்த்த அந்தப் பார்வை வந்தது. இந்த மனிதருக்கு மூக்கே இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. "வாங்க இங்கிட்டு!" என்று அலறினேன். அவர் லைட்டரைப் புல்லில் போட்டுவிட்டு வர அடியெடுத்தார்.

சுவரில் சிவப்பு பல்பு எரிந்தது.

வீட்டு வாசலிலிருந்து அத்தை, "கரண்டு வந்துருச்சுப்பா!" என்று வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

அவர் அந்த பல்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஆட்டோ சுவிட்சை நிறுத்த உள்ளே போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்களுக்கு மோட்டார்மேல் இருக்கும் பாசம் அப்படி. பாய்ந்து அவர் வேட்டியையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒரு டீச்சர் வாயில் வரக் கூடாத வார்த்தைகள், இன்னொரு டீச்சர் முன்னால். வேட்டி அவிழ்ந்து என் கையோடு வந்தது. டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மூவரும் விழுந்து எழுந்து ஓடினோம்.

"டக்" சத்தம் கேட்டதா என்று எனக்கு நினைவில்லை. முதுகில் யாரோ இரண்டு கையாலும் தள்ளிய மாதிரி இருந்தது. வாய்க்கால் மேட்டில் குப்புற விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது சிமெண்ட் ஷீட் துண்டு துண்டாக மேலே போய், தென்னை மட்டைகளுக்கு இடையே நின்று நிதானித்து, பிறகு விழுந்தது. தகரக் கதவு காகிதம்போல் மடங்கி, அவர் நின்ற இடத்தைத் தாண்டிப்போய் ஒரு மரத்தில் மோதிக் கிடந்தது. அத்தை திணித்த சாக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாருக்கும் ஒன்றுமில்லை. சிராய்ப்பு மட்டும்.

தீயணைப்பு வண்டி வந்தது. எரிந்ததை அணைத்து, சிலிண்டரை இழுத்து வெளியே போட்டு, எலி கடித்த டியூப்பைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர், "இவ்வளவு கேஸ் கசிஞ்சிருக்கே, வீட்டுல ஒருத்தருக்குக்கூட நாத்தம் வரலையா?" என்று கேட்டார்.

"வந்துச்சுப்பா" என்றார் அத்தை. "பன்னிக்கறின்னு நெனச்சோம்."

அந்த ஆள் சிரிக்க ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம்தான் அவர் வாயைத் திறந்தார். சிங்கப்பூரில் ஒரு காய்ச்சல் வந்து போனதாம். காய்ச்சல் போனது, வாசனையும் அதோடு போனது. திரும்பும், திரும்பும் என்று இருந்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் முகம் பார்த்தும், சட்டியின் சத்தம் கேட்டும் சமாளித்திருக்கிறார். ஒருநாள் கெட்டுச் சிக்கு வாடை அடித்த எண்ணெயில் சமைத்து அனுப்பிவிட்டார். சாப்பிட்டவர்கள் தட்டோடு திருப்பி அனுப்பினார்கள். முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"எங்ககிட்டச் சொன்னா என்ன?" என்றேன். கோபத்தில்தான் தொடங்கினேன், முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"சமையக்காரனுக்கு மூக்கு இல்லைன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். "இந்தக் கறி வாசந்தான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கருப்பட்டி சுண்டுறப்ப வருமே, அது. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா என்னைக்காவது வந்துரும்னு நெனச்சேன். சில நாள் வந்த மாதிரியும் இருந்துச்சு."

மறுநாள் காலை அத்தை பங்காளிகளைக் கூட்டி வரச் சொன்னார். வந்தார்கள். வெடித்த ரூமைப் பார்த்துவிட்டு, சாமிக் குற்றம், பன்றிக்கறியை இத்தோடு விட வேண்டும் என்று பேசினார்கள். அத்தை பெட்டியின் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தார். எழுந்தவர், "பெட்டியை இனி நீங்க வச்சுக்கங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"எம் மகனுக்கு மூக்கு இல்ல. அவனைத் தோப்புல தனியா விட்டுட்டு, நான் இங்கிட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தேன். ஓட்டையைச் சாக்கு வச்சு அடைச்சதும் நான்தான். இனிமே அவன் என் வீட்டுக்குள்ள, என் கண்ணுக்கு முன்னால சமைக்கட்டும். எனக்கு மூக்கு இருக்கு. சாமிக்கு உங்க வீடு இருக்கு."

பெட்டியைத் தூக்கினார்கள். உள்ளே இருந்த மணியும் சதங்கையும் குலுங்கின. அந்தச் சத்தம் தெரு முனை திரும்பும்வரை அத்தை வாசலில் நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகனைக் கட்டிக்கொண்டு அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது எங்கள் வீட்டு அடுப்படியில் பன்றிக்கறி வேகிறது. அத்தை தின்பதில்லை. ஆனால் மூக்கைப் பொத்துவதும் இல்லை. நானும் முந்தானையை விட்டுவிட்டேன். பன்றிக்கறி எப்படி மணக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொழுப்பு உருகும்போது முந்திரிப்பருப்பு வறுபடும் மணம் வருகிறது. பூண்டு சிவந்து, கருப்பட்டி சுண்டும்போது தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த மணத்தைத்தான் நாங்கள் அத்தனை நாள் திட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். எந்த நிமிடம் பாகு, எந்த நிமிடம் கருகல் என்று நான் சொல்கிறேன். கடை இன்னும் பிடிக்கவில்லை. பிடித்தால் நாங்கள் இருவரில் ஒருவர் அடுப்படியில் நின்றாக வேண்டும்.

சட்டியை வைத்ததும் அவர், "ஆத்தா, பத்த வைக்கவா?" என்பார். அத்தை வந்து குனிந்து, சிலிண்டர் பக்கம் ஒருமுறை, அடுப்புப் பக்கம் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்து, "ம், பத்த வை" என்பார். அதற்குப் பிறகுதான் லைட்டர் சத்தம் கேட்கும்.

போன வாரம் அத்தைக்கு நல்ல சளி. நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இருவரும் மத்தியானம் சாப்பிடவில்லை. கறி உப்பு தடவியபடி தட்டில் இருந்தது, அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவர் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். "வந்து ஒரு தடவை மோந்து பாரு" என்றார்.